பத்துக்குக் கீழ்

கைப்பேசியை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும்.
பேனா கூடாது. துண்டுத்தாள் கூடாது.
அட்டையைக் காட்டினால் கதவு
ஒருமுறை இருமி வழிவிடும்.
ஸ்வான்சீயில் இப்போது மழையா என்று
இந்த அறைக்குள்ளிருந்து சொல்ல முடியாது.
ஜன்னலில் பால்நிறத் தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

இங்கே பிள்ளைகளுக்குப் பெயரில்லை.
பிறந்த நாளுக்குப் பதில்
பிறந்த வாரத்தின் திங்கட்கிழமை.
முகவரிக்குப் பதில்
ஆயிரத்தைந்நூறு பேர் தூங்கி எழும் ஒரு துண்டு நிலம்.
மீதியெல்லாம் உண்டு.
எடை குறைவாய்ப் பிறந்தது,
ஒன்றரை வயதில் காதுவலி,
பள்ளிக்கு வராத காலைகள்.
இலவசச் சாப்பாடு: ஆம்.
இலவசச் சாப்பாடு: ஆம்.
இலவசச் சாப்பாடு: இல்லை.
அந்த ஓர் ஆண்டு மட்டும்
வீட்டில் யாருக்கோ வேலை கிடைத்திருக்கிறது.
மறுபடி: ஆம்.

பல் மருத்துவர், வரவில்லை.
கண் பரிசோதனை, வரவில்லை.
பதினொரு மாதம் காத்திருந்து கிடைத்த
மனநல ஆலோசனை, அதற்கும் வரவில்லை.
மூன்றுக்கும் ஒரே குறி.
பஸ் வராததற்குக் குறி இல்லை.
தம்பியை யாரிடம் விட்டுவிட்டு வருவது
என்பதற்கு இல்லை.
வாசல்வரை வந்து
கதவுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து
திரும்பிப் போனதற்கு இல்லை.

உனக்கு எப்படித் தெரியும்
என்று கெத்தின் கேட்கவில்லை.
பக்கத்து நாற்காலியில் அவன்
வெற்றிடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.
ஒரு பிள்ளை சந்தோஷமாயிருந்த நாளை
எந்த அலுவலகமும் பதிந்ததில்லை.
அரசாங்கத்துக்கு அது செலவில்லாத நாள்.
ஆகவே சத்தமில்லாத மாதங்களை
நலம் என்று வைத்துக்கொள்கிறோம்.
ஒளிந்திருந்த மாதங்களும்
அதே பையில்தான் விழுகின்றன.

வியாழன் மதியம் ஓர் அட்டவணை ஓட்டினேன்.
பதினாறு வயதுக்குள் ஏழு வளர்ப்பு வீடுகள்,
ஏழு பள்ளிகள்,
பிறகும் பல்கலைக்கழகம்.
கட்டத்தில் எண் வரவில்லை,
நட்சத்திரக் குறி வந்தது.
பத்துக்குக் கீழ் என்றால்
வெளியே கொண்டுபோகக் கூடாது.
ஆளை அடையாளம் கண்டுவிடலாமாம்.

கண்டுவிட்டேன்.

தேடினால் கிடைப்பேன். ஒரே ஒரு கட்டளை.
தேட மாட்டேன் என்று
மூன்று தாளில் கையெழுத்திட்டிருக்கிறேன்.
தேடினாலும் என்ன இருக்கும்?
இடமாற்றம் ஐந்து. நீத். பத்தொன்பது நாள்.
காரணம்: பிற.
அந்தப் பத்தொன்பதில் ஒரு சனிக்கிழமை
மொரீன் என்ற பெண்
நனைந்த என் காலணிக்குள்
பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து
ஹீட்டரின்மேல் கவிழ்த்து வைத்தாள்.
பர்மிங்ஹாம்காரி. ஹெலெத் என்று வாய் வராது.
கடைசிவரை ஹெலன்தான்.
திங்கட்கிழமை காலணி காய்ந்திருந்தது,
இடது காலில் தலைகீழாய்
கால்பந்து முடிவுகள் ஒட்டியிருந்தன.
நான் பள்ளிக்குப் போனேன்.
அந்த நாளின் பதிவு: வருகை. அவ்வளவுதான்.

நட்சத்திரத்தை உடைக்க ஒரு வழி உண்டு.
கட்டத்தை அகலமாக்க வேண்டும்.
ஏழு என்பதை அழித்து
ஐந்தும் அதற்கு மேலும் என்று மாற்றினேன்.
இயந்திரம் யோசித்தது.
நாற்பத்தொன்று.

இனி அது வெளியே போகலாம்.
கார்டிஃபில் யாராவது ஒருவர்
பிஸ்கட் துணுக்கைத் தட்டிவிட்டு
பக்கம் இருபத்தாறில் அதைப் பார்க்கலாம்,
பார்க்காமலும் இருக்கலாம்.
ஆனால் நாற்பத்தொன்று!
நான் எப்போதும் என்னை ஒற்றையாகத்தான் எண்ணிவந்தேன்.
மற்ற நாற்பது பேரும்
எந்த ஊரில் எந்தக் காலணியோடு இருக்கிறார்கள்,
அவர்களில் யாராவது இதே கட்டடத்தில்
மூன்றாம் மாடியில் காபி வாங்குகிறார்களா,
கேட்க முடியாது. கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

ஏழை ஏன் ஐந்தாக்கினாய்,
படிவத்தில் காரணம் கேட்கிறது என்றான் கெத்தின்.
பிற என்று போடு என்றேன்.
போட்டான். எழுத்துப்பிழை.
அழித்துவிட்டு மறுபடி போட்டான்.